கூடத்துக்காரரின் காது

கூடத்துக்காரருக்கு எழுபது வயது நிறைந்த நாளில், நம் ஊரில் பாட்டுக் கேட்பவர் என்று மிச்சம் இருந்தது அவர் ஒருவர்தான். மற்ற எல்லோரும் வாசிக்கப் போய்விட்டார்கள். ஷூக்கடைக்காரர் டிரம்ஸ், கணக்கு டீச்சர் வயலின், காது டாக்டர் கிதார், தபால் கொண்டுவருகிறவர் டிரம்பெட், பேருந்து நிலையத்தில் நேரம் குறிக்கும் நான் கிளாரினெட். வீட்டுக்கு ஒரு வாத்தியம், தெருவுக்கு ஒரு குழு, இரண்டு தெரு சேர்ந்தால் ஒரு சண்டை. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுக் கண்ணை அகல விரிப்பார்கள். எங்களுக்கு இதில் விரிக்க ஒன்றுமில்லை. குழாயில் காலையில் மட்டும் தண்ணீர் வருகிறது, மலைப்பக்கத்து பஸ் எப்போதும் தாமதம், அதுபோல இதுவும் ஒன்று. வெங்காய விலையைப் பற்றிப் பேசிய அளவுகூட நாங்கள் இதைப் பற்றிப் பேசியதில்லை.

அவர் கச்சேரி நடத்தும் கூடம் முன்னே டயர் கிடங்காக இருந்தது. இன்றும் மழைக்காலத்தில் ரப்பர் வாடை அடிக்கும். கூடத்துக்காரர் தன் முப்பதாவது வயதில் அதை வாடகைக்குப் பிடித்து, தகரக் கூரைக்கு அடியில் சாக்குத் துணியைத் தைத்துத் தொங்கவிட்டு, பலகை அடித்து மேடை போட்டார். அவருடைய பிடிவாதம் ஒன்றே ஒன்றுதான்: இந்த வட்டாரத்தில் பிறந்த பாட்டாக இருக்க வேண்டும், அதை உயிரோடு இருக்கிற மனுஷன் எதிரில் நின்று வாசிக்க வேண்டும். பெட்டியில் அடைத்த பாட்டு அவருக்கு ஆகவே ஆகாது. பஸ்ஸில் பாட்டுப் போட்டால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடப்பார். எங்கள் டிரைவர்கள் அவர் ஏறுவதைப் பார்த்ததுமே, "வந்துட்டாருய்யா" என்று முணுமுணுத்துக்கொண்டு தாங்களாகவே அணைத்துவிடுவார்கள். பக்கத்து ஊரில் எவனாவது ஆலை வேலைக்கு நடுவில் பாட்டுக் கட்டுகிறான் என்று காதில் விழுந்தால் போதும், சைக்கிளில் போய் அவனைப் பின்னால் உட்காரவைத்து மிதித்துக்கொண்டு வருவார். அவன் வராவிட்டால் அவன் அம்மாவிடம் பேசுவார். அப்படி வந்தவர்கள் எத்தனை பேர் என்று அவருக்கே தெரியாது.

முதலில் பிடித்தது ஷூக்கடைக்காரரை. தினமும் வந்து முன்வரிசையில் வாயைப் பிளந்துகொண்டு கேட்ட மனிதர், ஒரு நாள் காலையில் எழுந்தபோது அவர் கைகள் சும்மா இருக்க மறுத்தன. கடைக்குப் போய் அட்டைப்பெட்டிகளை வரிசையாக வைத்து அடித்தார். யாரிடமும் கற்றதில்லை, ஆனாலும் தாளத்தில் ஒரு பிசகு கிடையாது. அடுத்த மாதம் கணக்கு டீச்சருக்கு வந்தது. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த விரல்கள் அப்படியே வளைந்து, சாக்பீஸ் கீழே விழுந்து, பிள்ளைகள் சிரித்தார்களாம். அதன்பின் சளி பிடிப்பதுபோல ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு. மனசு ஒன்றிக் கொஞ்ச நாள் அந்தக் கூடத்தில் பாட்டுக் கேட்டால் கைக்கு வித்தை வந்துவிடும், அவ்வளவுதான். கூடத்துக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அவருக்கு மட்டும் வரவில்லை. எல்லோரையும்விட அதிகம் கேட்டவர் அவர். தினமும் காலையில் எழுந்ததும் சாப்பாட்டு மேஜையில் விரலால் தட்டிப் பார்ப்பார் என்று அவர் மனைவி சொல்லியிருக்கிறார். மேஜைச் சத்தம்தான் வரும்.

வித்தை வந்தவர்களுக்கு இன்னொன்றும் நடந்தது. கை திறந்ததும் காது மூடிக்கொண்டது. கடையில் விலை கேட்கும், வீட்டில் திட்டுக் கேட்கும், அதில் ஒரு குறையும் இல்லை. அடுத்தவன் பாட்டு மட்டும் உள்ளே போகாது. இன்னொரு குழு வாசிக்கும்போது உட்கார்ந்திருப்போம், தொடையில் நம் பாட்டுக்கு விரல் ஓடும், இவன் எப்போது இறங்குவான், நாம் எப்போது ஏறுவோம் என்றிருக்கும். பக்கத்திலிருப்பவன் கைதட்டினால் நாமும் தட்டுவோம். சொல்லப்போனால் நம் பாட்டையே நாம் கேட்பதில்லை, மனசுக்குள் ஓடுவதைத்தான் கேட்கிறோம். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? சமைக்கிறவர்களுக்குப் பசி இருக்காது என்பார்கள், அந்த மாதிரி.

இதெல்லாம் எங்கே போய் முடியும் என்பது கூடத்துக்காரரின் அண்ணன் இறந்தபோது தெரிந்தது. அவர் இரண்டு நாள் வெளியூர் போயிருந்தார். திரும்பி வந்ததும் கூடத்து வாசலில் டீ விற்றுக்கொண்டிருந்த அம்மா அவரைப் பிடித்துக்கொண்டார். "என்ன சார், ரெண்டு நாளா உள்ள போனாங்க, வேர்த்து விறுவிறுத்து வெளிய வந்தாங்க. ஒரு சத்தத்தையும் காணோமே?" வாசித்தவர்களைக் கேட்டால் அடித்துச் சொன்னார்கள், பிரமாதமாக வாசித்தோம் என்று. எலக்ட்ரீஷியன் வந்து ஒயரையெல்லாம் பிடுங்கிப் பார்த்துக் கோளாறு இல்லை என்றார். கடைசியில் கூடத்துக்காரரே குழுவை வாசிக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றார். டீக்கார அம்மா உதட்டைப் பிதுக்கினார். கூடத்துக்காரர் உள்ளே போனார், "ஆங், இப்ப வருது" என்று சத்தம் போட்டார் அம்மா. அவர் வெளியே வந்தார், சத்தம் நின்றது. கூடத்துக்குள் கேட்பதற்கு ஆள் இல்லாத பாட்டுக்குச் சத்தம் வராது என்பது அப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டு யாரும் தலையில் கைவைத்து உட்காரவில்லை. எல்லாக் கச்சேரிக்கும் கூடத்துக்காரர் இருந்தாக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு டீ குடித்தோம்.

அன்றிலிருந்து அந்த மனிதருக்குக் காய்ச்சல் வர உரிமை இல்லாமல் போனது. கச்சேரிக்கு இருந்தார், ஒத்திகைக்கு இருந்தார், ஒத்திகைக்கு முன்னால் கம்பியை முறுக்கிச் சுருதி சேர்ப்பதற்கும் இருந்தார். வயிற்றுப்போக்கோடு ஒரு வாரம் கூடத்தில் கிடந்தார். மேடைக்கு எதிரே மூன்றாவது வரிசையில், தலையை வலப்பக்கம் சாய்த்து, தாடைக்குக் கீழே கையை முட்டுக் கொடுத்து, கண்ணைப் பாதி மூடி உட்காருவார். எங்களுக்கு அந்தச் சாய்வு போதும். அதைப் பார்த்துக்கொண்டு வாசித்தால் உலகமே நம்மைக் கேட்பதாக இருக்கும். டீக்கார அம்மா மகள் வீட்டோடு போய்விட்டார். அந்த இடத்தில் செல்போன் கடை வந்தது, அந்தப் பையன் காதில் எந்நேரமும் எதையாவது செருகிக்கொண்டிருப்பான். அதனால் உள்ளே சத்தம் வருகிறதா என்று வெளியிலிருந்து சொல்லவும் ஆள் இல்லாமல் போனது.

இனி அவர் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எங்கள் பேருந்து நிலையத்தில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்காருகிறவர். விசாரணை அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். எந்த பஸ், எந்த நடைமேடை, எப்போது வரும் என்று நாள் முழுக்க மற்றவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார். வீட்டில் அவர் சொல்வதைக் கேட்க ஆள் கிடையாது. கூடத்துக்காரர் வரும்போதே காது நிரம்பித்தான் வருவார். இவர் பேசினால் அவர் "ம்" என்பார். எதற்கும் அதே "ம்". கல்யாணமான ஐந்தாவது வருடம் அக்காவுக்கு வயிற்றில் ஐந்து மாதத்துப் பிள்ளை தங்காமல் போனது. ஆண் பிள்ளை. அந்த வாரம் கூடத்தில் தொடர்ந்து கச்சேரி. அவர் வீட்டுப் பக்கமே வரவில்லை. நர்ஸ் ஒருத்தி துணையோடு ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்தது. கச்சேரியெல்லாம் ஓய்ந்து அவர் வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, அக்கா தட்டை வைத்துவிட்டு எதிரே நின்று நடந்ததைச் சொன்னார். அவர் தலையைச் சாய்த்து "ம்" என்றார். அப்புறம் ரசம் கேட்டார். காதில் விழவில்லை, அவ்வளவுதான். அவர் கல்நெஞ்சர் இல்லை என்பது அக்காவுக்கும் தெரியும். ஆனால் அதை இரண்டாவது தடவை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கொஞ்ச நாள் கழித்து வயிறு என்னாயிற்று என்று அவர் கேட்டிருந்தால் அக்கா சொல்லியிருப்பார். அவர் கேட்கவில்லை, பிள்ளை வரப்போகிறது என்று முன்னால் சொன்னதும் அந்தக் காதில் ஏறியிருக்கவில்லை போலிருக்கிறது. அதற்குப் பின் பிள்ளையும் இல்லை. கூடத்துக்குள் கால் வைப்பதில்லை என்று அக்கா முடிவு செய்ததும் அப்போதுதான்.

எழுபது நெருங்கியபோது கூடத்துக்காரரின் இடது காது முழுசாகப் போயிருந்தது, வலது காது பாதி. இதை வெளியில் யாருக்கும் சொல்லவில்லை. அக்காதான் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாகக் காது டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் குழாயை விட்டுப் பார்த்தார், இயந்திரத்தில் உட்காரவைத்துப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நரம்பே தேய்ந்துவிட்டது, மிஷின் மாட்டினாலும் பிரயோஜனம் இல்லை என்றார். மிச்சம் இருப்பது கொஞ்சம். வீட்டில் பேசுவதற்கும் காலிங்பெல்லுக்கும் போதும். கூடத்துப் பக்கம் போகாமல் இருந்தால் இன்னும் பல வருடம் வரும். போனால் ஒரு நாள் தாங்குவதே கஷ்டம். இவ்வளவும் டாக்டர் சொன்னது. சொல்லிவிட்டு மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டே, "அது சரி, உங்க பிறந்தநாளுக்கு எங்க குழுவ பதினொண்ணாவதா போட்டிருக்காங்க. அதுவரைக்குமாவது இருப்பீங்கல்ல?" என்றார்.

"இப்பத்தான போகவே கூடாதுன்னீங்க?" என்றார் அக்கா.

"அது டாக்டரா சொன்னேன்கா," என்றார் அவர், கொஞ்சம் மனத்தாங்கலோடு. நியாயம்தானே. மனுஷன் அந்தப் பாட்டுக்கு ஆறு மாதமாக உழைத்திருந்தார்.

அன்று மாலை சாப்பாட்டு மேஜையில் அக்கா கணவரின் வலப்பக்கம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஊருக்கெல்லாம் காது கொடுத்தாயிற்று, எனக்கென்று கொஞ்சம் மிச்சம் வையுங்கள் என்றார். சண்டை போடும் குரலில் சொல்லவில்லை. கடைசித் துண்டு ரொட்டியைக் கேட்பதுபோலக் கேட்டார். எனக்கு உங்களிடம் சொல்ல ஒன்று இருக்கிறது, ரொம்ப நாளாக இருக்கிறது, அதைச் சொல்ல வேண்டும், அப்புறம் தினமும் ஏதாவது பேச வேண்டும், அவ்வளவுதான் என்றார். கூடத்துக்காரர் இதை முழுசாகக் கேட்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. இனிமேல் போகமாட்டேன் என்று மனைவியின் கையைப் பிடித்துச் சொன்னார். மனசாரத்தான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மறுவாரம் ஷூக்கடைக்காரர் தலைமையில் விழாக் குழு வீட்டுக்கு அழைக்க வந்தது. வட்டாரத்திலுள்ள நாற்பது குழுக்களும் வருகின்றன, ஆளுக்கு ஒரு பாட்டு, முடிவில் எல்லோரும் சேர்ந்து அவருக்கென்றே கட்டிய ஒரு பாட்டு. ஷூக்கடைக்காரருக்கு மைக் இல்லாமலே மேடைப் பேச்சு வரும். "ஊரார் பிள்ளைய ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்னு சொல்வாங்க. இவருக்கு நாங்கதான் பிள்ளைங்க. இல்லையாக்கா?" என்று அக்காவைப் பார்த்துச் சிரித்தார். அக்கா டீத் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரத்துக்குச் சமையலறையில் தண்ணீர் திறந்துவிட்ட சத்தம் மட்டும் வந்தது. கூடத்துக்காரர் உடம்பு சரியில்லை, வர முடியாது என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தார். ஷூக்கடைக்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், அப்படியானால் காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்துவிடலாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

பிறந்தநாளன்று அக்கா விடுப்பு எடுத்தார். அவர் விடுப்பு எடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அன்று நான் கூடத்துக்குக் கிளம்பும்வரை, ஜன்னலில் யாரும் இல்லாமல் பயணிகள் என்னிடம் வந்து உயிரை வாங்கினார்கள். வீட்டில் அக்கா கதவைத் தாழிட்டு, டீ போட்டு, கணவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தார். கூடத்துக்காரர் புதுச் சட்டை போட்டிருந்தார். போகப்போவதில்லை என்றாலும் பிறந்தநாள்தானே என்று அக்காதான் போடச் சொன்னது. ஒன்பதரை மணி ஆனது. கூடம் இரண்டு தெரு தள்ளித்தான். வழக்கமாக டிரம்ஸ் சத்தம் வீட்டுச் சன்னல் கண்ணாடியை அதிரவைக்கும். அன்று ஒன்றும் வரவில்லை. எதிர் வீட்டில் யாரோ துணி அடித்துத் துவைக்கும் சத்தம் மட்டும்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னேன்ல," என்று ஆரம்பித்தார் அக்கா.

"ஒரு நிமிஷம் இரு," என்றார் கூடத்துக்காரர். தலை சன்னலைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. "ஆரம்பிச்சிருப்பாங்க. சத்தமே இல்லையே."

"நீங்க இல்லன்னா எப்படி வரும்? விடுங்க. அவங்களுக்கு அது தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியுமே," என்றார் அவர்.

அப்புறமும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துதான் இருந்தார். டீ ஆறி மேலே ஆடை கட்டியது. உள்ளே அத்தனை பேர் ஊமையாக வாசித்துக்கொண்டிருப்பது அவர் கண்ணில் தெரிந்துகொண்டே இருந்தது. முதல் குழு ஆலைக்காரர்களுடையது. அந்தப் பாட்டைக் கட்டியவனை அவர்தான் சைக்கிளில் வைத்து மிதித்துக் கூட்டி வந்தார். ஒரே ஒரு பாட்டு, அந்த முதல் பாட்டை மட்டும் கேட்டுவிட்டு ஓடி வந்துவிடுகிறேன், வந்ததும் சொல்லு, எல்லாவற்றையும் சொல்லு, உட்கார்ந்து கேட்கிறேன் என்றார். அக்கா தாழ்ப்பாளைத் தானே எழுந்துபோய்த் திறந்துவிட்டார். ஏன் அக்கா தடுக்கவில்லை என்று நான் கேட்டதற்கு, தடுத்துக் கேட்கவைத்தால் அது கேட்டதாகுமா என்றார். எனக்கு அது அவ்வளவாகப் புரியவில்லை.

அவர் கூடத்து வாசலில் கால் வைத்ததும் பாட்டுக்குச் சத்தம் வந்திருக்க வேண்டும். மேடையில் இருந்தவர்களுக்கு முன்னும் பின்னும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, அவர்கள் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தார்கள். முதல் பாட்டு முடிந்து அவர் எழுந்தார். அதற்குள் இரண்டாவது குழு ஏறிவிட்டது. அதில் பாடுகிற பெண் நேராக அவரைப் பார்த்து வணக்கம் சொன்னாள். எழுந்தவர் உட்கார்ந்தார். மூன்றாவது குழுவில் இருவரை அவர்தான் பள்ளிக்கூடத்திலிருந்து கண்டெடுத்திருந்தார். நான்காவது குழு இந்தப் பாட்டுக்காகவே இரவு முழுக்க பஸ்ஸில் வந்திருந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் எழுந்து, ஒவ்வொரு பாட்டுக்கும் உட்கார்ந்தார். வலது காதில் ஊசி குத்துவதுபோல இருந்தது என்று பிறகு சொன்னாராம். பதினொன்றாவதாகக் காது டாக்டரின் குழு. ஆறு மாத உழைப்பு வீண் போகவில்லை, டாக்டரின் கிதார் கூரைத் தகரத்தை உலுக்கியது, பாட்டின் நடுவில், கயிறு அறுந்தது போல, எல்லாச் சத்தமும் நின்றது. கூடத்துக்காரரின் காதில் நின்றது. அவர் காதில் நின்றதால் கூடம் முழுக்க நின்றது. டாக்டர் கண்ணை மூடி, உதட்டைக் கடித்து, கடைசிக் கம்பி வரை இழுத்து முடித்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு குனிந்து வணங்கினார். அவ்வளவு பேரும் கைதட்டினோம்.

அதற்குப் பிறகு ஏறிய குழுக்களெல்லாம் ஊமையாகத்தான் வாசித்தன. யாருக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? மூன்றாவது வரிசையில் அந்தத் தலை சாய்ந்தே இருந்தது. தன் காதுதான் போய்விட்டது, பாட்டு என்னவோ நடந்துகொண்டுதான் இருக்கிறது என்று நினைத்தார் அவர். தான் எழுந்து போனால் பிள்ளைகள் மனசு உடைந்துவிடும் என்று, வயலின் வில் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டு, முடிகிற இடத்தைக் கண்ணால் ஊகித்து முதல் ஆளாகக் கைதட்டினார். மதியத்துக்குப் பிறகு கேக் வெட்டினார்கள், பெரிய துண்டு ஒன்று அவர் வாய்க்குள் போனது, ஷூக்கடைக்காரர் ஊட்டினார். நானும் வாசித்தேன். சத்தம் வந்திருக்காது என்று இப்போது சொல்கிறார்கள். இருக்கட்டும். என் வாழ்நாளில் நான் அவ்வளவு நன்றாக வாசித்ததில்லை.

சாயங்காலம் அக்கா கூடத்துக்கு வந்தார். தெருவில் வரும்போது ஒரு சத்தமும் கேட்கவில்லை; விழா முடிந்திருக்கும், மனுஷன் யாரிடமோ பேசிக்கொண்டு நிற்கிறார் என்று நினைத்திருக்கிறார். கதவைத் தள்ளினால், மேடை நிறையப் பேர் உயிரைக் கொடுத்து வாசித்துக்கொண்டிருக்கிறார்கள், கூடத்தில் இலை விழுந்தால் கேட்கிற அமைதி. இது என்ன கூத்து என்று அக்கா காதைத் தீட்டினார். தீட்டிய அதே கணம் அத்தனை சத்தமும் அவர்மேல் வந்து விழுந்தது. வயலின், டிரம்பெட், ஒரு பெண்ணின் குரல். கூடத்தில் கேட்கிற காது மறுபடி ஒன்று வந்துவிட்டதல்லவா. அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பாட்டு நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது என்று என்னிடம் சொன்னார். ஆனால் அவர் அப்படி நின்றது பாட்டினால் அல்ல. தான் வந்த பிறகுதான் சத்தம் வந்தது என்றால், அதற்கு முன்னால் இந்தக் கூடத்தில் கேட்கிறவர் யாருமே இல்லை என்று அர்த்தம். மூன்றாவது வரிசையில் சாய்ந்திருக்கும் அந்தத் தலைக்குள் தனக்கென்று ஒரு துளியும் மிச்சமில்லை என்பதை அந்தப் பாட்டுதான் அவருக்குச் சொன்னது.

நடந்துபோய்க் கணவரின் தோளைத் தொட்டார். கூடத்துக்காரர் திரும்பிப் பார்த்து, பிடிபட்ட பையனைப் போல விழித்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. முப்பத்து நாலு வருடத்தில் மனைவி அந்தக் கூடத்துக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார். தன் குரலின் அளவு தெரியாமல், கூடம் முழுக்கக் கேட்கும்படி, "போயிடுச்சும்மா. மொத்தமா போயிடுச்சு," என்றார். மேடையில் ஒருவரும் திரும்பவில்லை. "கடைசிப் பாட்டு இனிமேதான். எனக்குன்னே கட்டியிருக்காங்களாம். எனக்குத்தான் குடுத்து வைக்கல. எனக்குப் பதிலா நீ கேளு. கேட்டு எப்படி இருந்துதுன்னு சொல்லு."

அக்கா தலையாட்டினார். நாற்பது குழுவும் மேடையில் ஏறி, இடம் போதாமல் படியிலும் தரையிலும் நின்று, அந்தப் பாட்டை ஆரம்பித்தது. கேட்க வேண்டும் என்றுதான் அக்கா நினைத்தார். முதல் இரண்டு வரி கேட்கவும் செய்தார். அப்புறம் மனசு நிற்கவில்லை. காலையில் சொல்ல இருந்தது, அதற்கு முன்னால் ஒரு தட்டை வைத்துவிட்டு எதிரே நின்று சொன்னது, ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸ் ஒரு துணியில் சுற்றிக் காட்டியது, சுண்டுவிரல் நீளக் கால்கள், எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி வந்தன. ஏதோ ஒரு இடத்தில் பாட்டு நின்றுபோனது அவருக்கே தெரிந்தது. வாய்கள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. அவர் அதைத் திரும்பக் கொண்டுவர முயற்சி செய்யவில்லை. கணவர் பார்க்கும்போதெல்லாம் தலையை ஆட்டினார். ஊரே சேர்ந்து, நாற்பது வருடத்துக்கு நன்றி சொல்லி, ஒரு சத்தமும் இல்லாமல் பாடி முடித்தது. எங்களில் பாதிப் பேருக்கு அழுகை வந்துவிட்டது, அவ்வளவு உருக்கமாக இருந்தது.

இருட்டுவதற்கு முன்னால் இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். தெருமுனை திரும்பியதும் கூடத்துக்காரர், "சொல்லு, எப்படி இருந்துது? ஒண்ணு விடாம சொல்லு," என்று மனைவியின் முகத்தைப் பார்த்தார். அக்கா சொன்னார். பாட்டை அல்ல. ஐந்தாவது மாதத்தில் வலி வந்ததிலிருந்து தொடங்கி, வண்டி கிடைக்காமல் நடந்தே ஆஸ்பத்திரி போனது, முடிந்ததும் எழுந்து தானே பில்லுக்கு வரிசையில் நின்றது, பிள்ளைக்கு நினைத்து வைத்திருந்த பேர், அந்தப் பேரை இதுவரை வாய்விட்டு ஒரு தடவைகூடச் சொல்லாதது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல், அவர் தன் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்றுகூட நிறுத்தாமல், நடந்துகொண்டே சொன்னார். பேரையும் சொன்னார். எனக்கு அவர் அந்தப் பேரைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கூடத்துக்காரர் ஒரு வார்த்தையும் விடாமல் கவனிப்பவர் போல, வழி முழுக்க மனைவியின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. செருப்பு கல்லில் தடுக்கியபோதுகூட எடுக்கவில்லை.

வீட்டு வாசலுக்கு வந்தபோது அக்காவுக்குக் கண்ணீர் கொட்டியது. கூடத்துக்காரர் தன் புதுச் சட்டையின் நுனியால் அதைத் துடைத்துவிட்டார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"அழாதம்மா," என்றார், தெரு முழுக்கக் கேட்கும் குரலில். "நல்ல பாட்டுன்னா அப்படித்தான் பண்ணும்."

மறுநாளும் கூடத்தில் கச்சேரி இருந்தது. இருவரும் போனார்கள். இப்போதும் தினமும் போகிறார்கள், மூன்றாவது வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறார்கள், திரும்பி வரும்போது அக்கா பேசிக்கொண்டே வருகிறார், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வருகிறார். சனிக்கிழமைகளில் நேரம் போதவில்லை என்று புதிதாக ஒரு மதியக் கச்சேரியும் சேர்த்திருக்கிறோம்.